பாகூர் லாரிக்குக் கண் வைக்கப் போனேன்

நானும் ஒருமுறை வெளிநாடு போய் வந்திருக்கிறேன். கப்பல் ஏறவில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிய பெண்ணையாற்றில் இறங்கி எதிர்க்கரையில் ஏறினேன். இந்தக் கரை இங்கிலீஷ்காரனுடையது. அந்தக் கரை பிரெஞ்சுக்காரனுடையது. சேலத்தில் எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போன முதல் ஆள் நான்தான் என்பதால், என் மனைவி சூடம் சுற்றித்தான் அனுப்பினாள்.

போன காரியம் ஒன்றும் பிரமாதமில்லை. நான் ஒரு மோட்டார் பட்டறையில் வயரிங் வேலை பார்ப்பவன். பாகூரில் நெல்லும் கத்திரிக்காயும் பயிரிடுகிற தணிகாசலம் என்பவர் எங்கள் பட்டறையில் பழைய லாரி ஒன்று வாங்கிப் போயிருந்தார். அதன் முன்விளக்குகள் கிழட்டுப் பூனையின் கண்கள். இருட்டில் அவை எரிவது அவற்றுக்கு மட்டும்தான் தெரியும். இரவில் ஓட்ட இன்னும் இரண்டு விளக்கு வேண்டும் என்று அவர் கடிதம் போட, முதலாளி என் தலையில் ஒரு பெட்டியை ஏற்றி அனுப்பிவிட்டார்.

கரையேறியதும் ஒரு சாவடி. வெள்ளைக்காரன் நிற்பான் என்று நினைத்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்த ஒரே பிரெஞ்சு வார்த்தையை எடுத்து வீசினேன்: "போன்ழூர்!" நின்றிருந்தவர் நம்மைவிடக் கறுப்பு. என் பிரெஞ்சு வணக்கம் அவர் காதில் போண்டாவாக விழுந்திருக்க வேண்டும்.

"பசிக்குதா? நேரா போ, கடை இருக்குது," என்றார். பிறகு பெட்டியைத் தட்டினார். "உள்ள இன்னா?"

"விளக்குங்க."

"வெளக்கா? எண்ணெ எங்க, திரி எங்க?"

"கரண்டு விளக்குங்க."

திறந்து பார்த்தார். தட்டு அகலத்துக்கு இரண்டு விளக்குகள். உள்ளே பளபளவென்ற பித்தளைக் கிண்ணத்தில் அவர் முகம் தெரிந்தது. மீசையை இருபக்கமும் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது, போ," என்றார். அவர் சொன்னது விளக்கையா மீசையையா என்று இன்றுவரை தெரியாது.

'இன்னா' என்ற சொல்லை நான் அதற்கு முன் பள்ளிக்கூடச் செய்யுளில்தான் பார்த்திருந்தேன். அங்கே அதற்குத் துன்பம் என்று பொருள். இங்கே 'என்ன' என்பதே அதுதான். முதல் நாள் முழுக்க யார் 'இன்னா' என்றாலும் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்றே திடுக்கிட்டேன்.

தேசமும் ஒரு மாதிரியான தேசம். நாலு வயல் பிரெஞ்சு, ஒரு வாய்க்கால் தாண்டினால் இங்கிலீஷ், அதற்கப்புறம் மறுபடி பிரெஞ்சு. காலையில் பிரெஞ்சுப் புல்லை மேய்ந்த எருமை ஒன்று மத்தியானம் இங்கிலீஷ் குட்டையில் படுத்துக்கிடந்ததை நானே பார்த்தேன். அதை எந்தச் சாவடியும் நிறுத்தவில்லை.

அன்று மத்தியானம் தணிகாசலம் வீட்டில் சாப்பாடு. பாகூர் ஏரிக் கெண்டை, மாங்காய் போட்ட குழம்பு. சேலத்துக்காரனுக்கு மீனோடு பழக்கம் போதாது. இரண்டாம் வாயிலேயே முள் தொண்டையில் நின்றது. அவர் மனைவி வெறும் சோற்றை உருட்டி உருட்டிக் கொடுக்க, நான் கண்ணீரோடு விழுங்கினேன். "அழுவறாரு பாரு, அவ்ளோ ருசி," என்றார் அந்த அம்மாள்.

என் பக்கத்தில் லாரி டிரைவர் முனுசாமி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசிருக்கும், தூண் மாதிரி உடம்பு. அவர் இலையில் வெள்ளைச் சோறு, உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர். அவ்வளவுதான். மீன் இல்லை, கீரை இல்லை, மோர்கூட இல்லை.

"அவன கேக்காதீங்க," என்றார் அந்த அம்மாள். "மோரும் ஊத்திக்க மாட்டான், கீரையும் தின்ன மாட்டான். இன்னா வேண்டுதலோ."

தணிகாசலம் கை கழுவிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். "கத்திரிக்கா விடியறதுக்குள்ள புதுச்சேரி சந்தையில எறங்கணும் மேஸ்திரி. மாட்டு வண்டிக்காரன்லாம் கோழி கூவறப்ப போய்டறான். நம்ம லாரி ஒன்பது மணிக்கு வாடின காயோட போவுது. கேட்டா, வெளக்கு பத்தல, இருட்டுல ஏரிக்கரையில ஓட்ட மாட்டேன்றான் இவன்." முனுசாமியின் பக்கம் திரும்பினார். "வெளக்கு வந்தாச்சு. இனிமே சாக்கு கெடையாது. இதுக்கப்புறமும் ஓட்டலன்னா, கடலூர்லேர்ந்து வேற ஆளு வரான். சொல்லி வச்சிட்டேன், ஆமா."

முனுசாமி இலையைப் பார்த்துக்கொண்டே, "சரி மொதலாளி," என்றார்.

மறுநாள் வேலை தொடங்கியது. லாரியின் மூக்குக்குக் கீழே குறுக்கே ஓர் இரும்புப் பட்டை போட்டு, அதில் இரண்டு விளக்கையும் முடுக்கினேன். பேட்டரியிலிருந்து வயரை இழுத்து, உரசாமல் துணி சுற்றி, சட்டத்தின் ஓரமாகவே கொண்டுவந்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஸ்விட்ச் வைத்தேன். முனுசாமி கூடவே நின்றார். நான் ஓட்டை போடும்போதெல்லாம் அவருக்கே காது குத்துகிற மாதிரி முகம் சுளித்தார்.

"வலிக்குமாபா அதுக்கு?" என்றார்.

"லாரிக்கா அண்ணே?"

"ரெண்டு வருசமா என் கையில கெடக்குது. ஒரு நாள் நடு ரோட்டுல வுட்டுட்டு நின்னதில்ல." பானெட்டைத் துண்டால் துடைத்தார். "இத வேற ஒருத்தன் ஓட்டுவான்னு நெனச்சாலே மனசு கேக்கல."

பொழுது சாய்ந்ததும் வெளிச்சத்தின் திசை பார்க்க வேண்டும். லாரியைக் களஞ்சியச் சுவருக்கு எதிரே நிறுத்தினோம். முனுசாமி கரித்துண்டோடு சுவரோரம் நிற்க வேண்டியது. நான் விளக்கைப் போட வேண்டியது. வெளிச்சம் விழுகிற வட்டத்தை அவர் கோடு போட வேண்டியது. நான் ஸ்விட்சைத் தட்டினேன்.

விளக்கு எரியவில்லை.

தப்பு என்னுடையதுதான். இரும்புப் பட்டைக்கு அழகாக இருக்கட்டுமென்று கறுப்புச் சாயம் பூசியிருந்தேன். போன மின்சாரம் திரும்பி வருவதற்கு அந்தப் பட்டைதான் வழி. வழியையே சாயம் பூசி அடைத்துவிட்டேன். பதினாலு வருட அனுபவம். 'ஒரு நிமிஷம் அண்ணே' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"ஆஹா! பகலாட்டம் இருக்குது மேஸ்திரி!"

என் வேலையை யாரும் இத்தனை சீக்கிரம் பாராட்டியதில்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நன்றியோடு பார்த்தேன். அவரோ மும்முரமாகச் சுவரில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய வட்டம். பாதி சுவரில், பாதி ஜன்னலில். வெளிச்சமே இல்லாத இடத்தில்.

வீட்டுக்குள்ளிருந்து தணிகாசலம், "எரியுதாடா?" என்று குரல் கொடுத்தார்.

"ஜோரா எரியுது மொதலாளி!"

பிறகு முனுசாமி என்னை நோக்கி வந்தார். கைகளை லேசாக முன்னால் நீட்டிக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி வந்தார். வழியில் நின்ற கட்டை வண்டியின் ஏர்க்கால் அவர் இடுப்பில் இடித்தது. அப்போது அப்படி ஒன்றும் இருட்டிவிடவில்லை. நான் பக்கத்து வேப்பமரத்தில் காக்கை உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்த நடை தெரியும். சின்ன வயதில், மழை பொய்த்த ஒரு வருஷம், வெறும் ராகிக் கூழைக் குடித்தே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மாலைக்கண் வந்தது. எனக்கும் வந்தது. ஒரு சாயங்காலம் எருமையைப் பார்த்து "வாங்க மாமா" என்று கும்பிட்டவன் நான். மாமா என்னை அப்புறம் மன்னித்துவிட்டார்; எருமைதான் ரொம்ப நாள் முறைத்துக்கொண்டிருந்தது. வைத்தியர் முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாகத் தின்ன வைத்துத்தான் சரியாயிற்று.

கையைப் பிடித்து லாரியின் மிதிபலகையில் உட்கார வைத்தேன்.

"அண்ணே, விளக்கு எரியலீங்க."

அவர் கையிலிருந்த கரித்துண்டைக் கீழே வைத்தார். பிறகு, "மொதலாளிகிட்ட சொல்லாத," என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது கதை. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், ஏரிக்கரையில், பழைய விளக்கின் மங்கலில், ஒரு கன்றுக்குட்டியை லாரியால் அடித்துவிட்டார். சோரியாங்குப்பத்துப் பாக்கியம் என்ற அம்மாளின் கன்று. பால்குடி மறவாதது. அந்த இடத்திலேயே போய்விட்டது. அன்றைக்கே ஐயனார் முன் விழுந்து வேண்டிக்கொண்டாராம்.

"அது குடிக்க வேண்டிய பால நான் குடிக்க மாட்டேன். பாலு, தயிரு, மோரு, நெய்யி எதுவும் வோணாம். அது வளந்து மேய வேண்டிய பச்ச எதையும் நான் தின்ன மாட்டேன். உசுரு எதையும் தொட மாட்டேன். சாவற வரைக்கும்."

"கண்ணு எப்ப இருந்து இப்படிங்க?"

"ஏழெட்டு மாசமா. ஐயனாரு குடுத்த தண்டனைன்னு நெனச்சிக்கினேன்."

எனக்குச் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே நின்றுவிட்டது. இருட்டில் கண் தெரியாமல் கன்றை அடித்தவர், அந்தப் பாவத்தைப் பட்டினி போட்டே தீர்க்கப் போய், இருட்டில் கண்ணையே இழந்திருக்கிறார். இன்னும் நாலு விளக்கு வைத்தாலும் இவருக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டினால் அடுத்தது கன்றாக இருக்காது. ஓட்டாவிட்டால் கடலூர்க்காரன் வருவான்.

"கீரையும் ஈரலும் சாப்பிட்டா பத்து நாள்ல சரியாயிடுங்க."

"வேண்டுதல ஒடச்சிட்டா?" என்று எழுந்துகொண்டார். "கண்ணு போனாலும் போவட்டும் மேஸ்திரி. அந்தப் பசு கத்துன கத்தல நீ கேக்கல."

மூன்றாம் நாள் அவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு சோரியாங்குப்பம் புறப்பட்டேன். ஐயனாரிடம் பேசுகிற தகுதி எனக்கில்லை, பசுக்காரியிடம் பேசலாமே. சைக்கிளுக்குப் பிரேக் இல்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வாய்க்கால் திருப்பத்தில் சைக்கிள் ஒரு தேசத்திலும் நான் ஒரு தேசத்திலுமாக விழுந்தோம். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வரிசையாக நிமிர்ந்தார்கள்.

"ஏய், இன்னாடி இது, சட்ட போட்ட தவள?"

"பாக்கியம் அம்மா வீடு எதுங்க?" என்று சேற்றில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"வுழுந்தாலும் 'ங்க' போட்டு வுழுவுது பாரு!" என்று சிரித்துவிட்டு வழி காட்டினார்கள்.

பாக்கியம் கொட்டிலில் இருந்தார். என் கோலத்தைப் பார்த்து முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். முனுசாமி என்ற பெயரைச் சொன்னதும் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பாவியா அனுப்பிச்சான்? இந்த ஒன்றர வருசத்துல ஒரு தபா இந்தப் பக்கம் வந்து, 'அக்கா, தெரியாம செஞ்சிட்டேன்'னு ஒரு வார்த்த சொன்னானா? கன்னுக்கு ஈடு கொண்டாந்து வாசல்ல வச்சிட்டு ஓடிப்போயிட்டான். எனுக்கு அதுவா வோணும்?"

நான் சொன்னேன். பால் தொடாததை, பச்சை தொடாததை, கை நீட்டித் தடவி நடந்ததை. எனக்குக் கோர்வையாகப் பேச வராது. நடுவில் எருமையைக் கும்பிட்ட கதையையும் சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பொழுது போனா கண்ணு தெரியலியா?"

"தெரியலீங்க."

"ஐயோ," என்றார் மெதுவாக. "அன்னிக்கி ரோட்டுல நின்னு மண்ண வாரித் தூத்தி, 'உன் கண்ணு அவிஞ்சி போவ'ன்னு கத்தனேன்யா நானு. ஆத்திரத்துல சொல்றதுதான். எல்லாரும் சொல்றதுதான்."

பிறகு பசுவின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே திரும்பினேன்.

மறுநாள் பொழுது விடிந்ததும் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, முனுசாமி வீட்டு வாசலில் பாக்கியம் நின்றார். தலையில் ஒரு சட்டி. முனுசாமி அவரைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிப்போனார்.

"அக்கா…"

"இன்னாடா அக்கா? இப்பத்தான் ஒறவு தெரியுதா?" சட்டியை இறக்கித் திறந்தார். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்த சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, அடைபோல நின்றது. "மாடு கன்னு போட்டு மூணு நாளாவுது. துன்னு."

"வேண்டுதல்க்கா."

"யாருகிட்ட?"

"ஐயனாருகிட்ட."

"ஐயனாரு மாடா வளக்கறாரு? மாடு என்னுது, செத்த கன்னு என்னுது. என்னைக் கேக்காம நீ எப்புடிடா வேண்டிக்கினே?"

முனுசாமி அழத் தொடங்கினார். அந்தத் தூண் உடம்பு குலுங்குவதைப் பார்க்க முடியாமல் நான் சைக்கிள் மணியைப் பழுது பார்க்கிறவன்போல் திரும்பிக்கொண்டேன்.

"அந்தப் பசுவே மறந்துட்டு வேற கன்னு போட்டு நக்கிக்கினு நிக்கிது. நீ ஒருத்தன்தான் புடிச்சிக்கினு இருக்கே." பாக்கியத்தின் குரல் இப்போது வேறாக இருந்தது. "நான் ஒரு வார்த்த சொன்னேன்டா அன்னிக்கி. அது பலிச்சிப் போச்சின்னு ராத்திரி பூராத் தூங்கல. என் வாயி சொன்னத என் கையாலயே எடுத்துடறேன். தொற வாய."

ஒரு துண்டை வெட்டி அவரே ஊட்டினார். முனுசாமி மென்றார். கண்ணீரும் சீம்பாலும் ஒன்றாக இறங்கின. அடுத்த துண்டு எனக்கு வந்தது. சேலத்திலும் சீம்பால் உண்டு. நாங்கள் மிளகும் தட்டிப்போடுவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாள் பார்த்த பார்வையில் பேசாமல் தின்றேன்.

இனி ஈரலும் கீரையும். அது சுலபம். கஷ்டம் தணிகாசலம்தான். கண் சரியாகப் பத்து நாளாவது வேண்டும். அவரோ நாளைக்கே வண்டி புறப்படட்டும் என்கிறார். கண் தெரியாதவரை இருட்டில் அனுப்ப மாட்டேன் என்று நான் முனுசாமியிடமே கறாராகச் சொல்லிவிட்டேன். எனவே ஒரு வயரிங்காரன் செய்யக் கூடாத பாவத்தைச் செய்தேன். பட்டையிலிருந்த சாயத்தைச் சுரண்டி, விளக்கை நன்றாக எரியவைத்து, திருப்தியோடு பார்த்துவிட்டு, நானே வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"நல்லா எரியுதுன்னானே?" என்றார் தணிகாசலம்.

"எரிஞ்சுதுங்க. இப்ப டைனமோவுக்குச் சூடு ஆகலீங்க."

அடுத்த நாள் டைனமோவுக்குச் சூடு அதிகமாயிற்று. அதற்கடுத்த நாள் பியூஸ் போயிற்று. அதற்கடுத்த நாள் போகவேண்டிய பியூஸ் போகவில்லை, அதுவும் ஒரு கோளாறு என்றேன். விளக்குக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றும் ஒருநாள் சொன்னதாக ஞாபகம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏம்பா, சேலத்துல மொத்தம் எத்தினி வண்டிக்கு வெளக்கு போட்டிருக்கே?"

"நிறையங்க."

"அதுல எத்தினி எரியுது?"

ஊரில் என் பெயர் 'மலையேத்துற மேஸ்திரி' என்று ஆகிவிட்டது. விளக்கு அணைந்தால் அணைந்தது என்று சொல்லாமல் மலையேறிவிட்டது என்பார்களே, அந்த மலை. டீக்கடையில், பஞ்சாயத்து மரத்தடியில், குளத்தங்கரையில், நான் வந்தால் பீடிக்கு வைத்த நெருப்பைக் கையால் மறைத்துக்கொண்டார்கள், அணைந்துவிடுமாம். தினமும் மத்தியானம் தணிகாசலம் வீட்டில் மீன் சாப்பிட்டேன். முள் எடுக்க மட்டும் முழுசாகக் கற்றுக்கொண்டேன். சாயங்காலமானால் முனுசாமி வீட்டுக்குப் போய் அவர் ஈரலும் முருங்கைக்கீரையும் தின்கிறாரா என்று எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். பாக்கியம் நாள் தவறாமல் பால் கொடுத்தனுப்பினார்.

கீரை தின்னத் தொடங்கிய பதினோராம் நாள் பொழுது சாய்ந்து, முகம் தெரியாத நேரம். இருவரும் லாரியடியில் உட்கார்ந்திருந்தோம்.

"மேஸ்திரி," என்றார் முனுசாமி.

"சொல்லுங்க அண்ணே."

"உன் சட்டையில மூணாவது பொத்தான் இல்ல."

குனிந்து தடவிப் பார்த்தேன். இல்லைதான். எழுந்துபோய் வயரை மாட்டினேன்.

விளக்குகள் எரிந்தபோது தணிகாசலம் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்கல்ல, விளக்குக்கு. "உங்க மொதலாளிக்கு ஒரு கடுதாசி எழுதறேன்," என்று என்னிடம் சொன்னார். அதில் என்ன எழுதுவார் என்று நான் கேட்கவில்லை. எழுதட்டும்.

மறுநாள் கடலூரில் எனக்கு ராத்திரி ரயில். முனுசாமி தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். இருட்டில் அவர் ஓட்டுகிற முதல் ஓட்டம் அது. நான் தைரியசாலிபோல் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கைப்பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டேன். ஏரிக்கரை ஏறியதும் வெளிச்சம் இரண்டு பாய் விரித்ததுபோல் முன்னால் ஓடிற்று. ஒருபக்கம் தண்ணீர், ஒருபக்கம் வயல். அவர் ஓட்டம் பெண்ணுக்குத் தலை பின்னுகிற மாதிரி இருந்தது, அவ்வளவு நிதானம். நான் பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பாதிக் கரையில் திடீரென்று நிறுத்தினார். என் கை மறுபடி கைப்பிரேக்குக்குப் போயிற்று. கண் மறுபடியும் போய்விட்டதா?

"என்னாச்சுங்க அண்ணே?"

"அதோ."

எனக்கு வெளிச்சமும் புழுதியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் இறங்கிப் போனார். விளக்கின் வெளிச்சம் முடிகிற ஓரத்தில், அதையும் தாண்டி அரை இருட்டில், குந்தி உட்கார்ந்தார். பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சோற்றுத் தட்டு அளவுக்கு ஓர் ஆமை, ஏரியிலிருந்து வயலுக்குக் கரையைக் கடந்துகொண்டிருந்தது. கல்லோடு கல்லாக இருந்தது அதன் நிறம்.

"தூக்கி அந்தப் பக்கம் விட்டுடலாமுங்களே? ரயிலுக்கு நேரமாச்சு."

"வோணாம்பா." கண்ணை எடுக்காமல் சொன்னார். "அதும் காலால போவட்டும். ராத்திரியில ஒண்ண கண்ணால பாத்து எத்தினி நாளாச்சு. பாத்துக்கினே இருக்கேன்."

ஆமை ஒரு காலை வைத்தது. யோசித்தது. இன்னொரு காலை வைத்தது. தூரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், என் ரயில் கூவிவிட்டுப் புறப்படுகிற சத்தம் கேட்டது. முனுசாமிக்குக் கேட்டதோ இல்லையோ, நான் சொல்லவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நானும் குந்தினேன். ஆமை அப்போது பாதிக் கரைதான் வந்திருந்தது.